பன்னிரண்டு வருடம் நின்றுபோன எம்-3: வேலையில் இருந்துகொண்டே ஒன்பது வாரம் மாணவனாக இருந்த கதை

என்னுடைய பி.இ. மெக்கானிக்கலில் ஒரே ஒரு பேப்பர் பன்னிரண்டு வருடமாக நின்றுகொண்டிருந்தது. எம்-3 என்று எல்லாரும் சொல்லும் மூன்றாம் செமஸ்டர் கணக்கு, குறியீடு எம்ஏ2211, முழுப்பெயர் டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். அதை முடிப்பதற்காக வேலையை விடாமல் ஒன்பது வாரம் மறுபடியும் மாணவனாக இருந்தேன். மில்லில் ஒரு பேரிங் அடிபட்டால் எப்போது சத்தம் வந்தது, என்ன செய்தோம், ஏன் போனது என்று ரிப்போர்ட் எழுதுவது எங்கள் வழக்கம். அந்தப் பழக்கத்தில் இந்த ஒன்பது வாரத்தையும் ஒரு டைரியில் குறித்து வைத்திருந்தேன், அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அரியரோடு வேலைக்குப் போய்விட்டு அதை யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். அவர்களில் ஒருவருக்காவது பயன்பட்டால் நல்லது.

முன்கதை

2009-ல் சேர்ந்தேன், 2008 ரெகுலேஷன், அதாவது அந்த வருடப் பாடத்திட்டம். 2010 கடைசியில் எம்-3 முதல் தடவை எழுதி யு வாங்கினேன், அதாவது ஃபெயில். அப்புறம் மூன்று தடவை எழுதினேன், மூன்றுக்கும் ஒழுங்காக உட்கார்ந்து படிக்கவில்லை. அதுதான் உண்மை. 2013-ல் கோர்ஸ் முடித்த சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கோவை பக்கம் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் டிரெய்னியாகச் சேர்ந்தேன். வேலை பிடித்துப்போனது, சம்பளம் ஏறியது, கல்யாணம் ஆனது. நாலு வருடப் படிப்பை முடிக்க ஏழு வருடம் கெடு, அது 2016-ல் முடிந்தபோது நான் கவனிக்கக்கூட இல்லை.

உறைத்தது வேறு இடத்தில். 2001-ம் வருட எரிசக்தி சேமிப்புச் சட்டப்படி, வருடத்துக்கு 3,000 டன் எண்ணெய்க்குச் சமமான அளவோ அதற்கு மேலோ எரிசக்தியைச் செலவழிக்கும் ஜவுளி ஆலைகள் சான்று பெற்ற ஒரு எனர்ஜி மேனேஜரை வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் மில் அந்தக் கணக்கில் வரும். இருந்தவர் ஓய்வுபெறப் போகிறார், எங்கே கரண்டு வீணாகிறது, எந்த மோட்டார் பாதி லோடில் ஓடுகிறது என்பதெல்லாம் எனக்கு விரல்நுனியில் இருக்கிறது, ஜி.எம். என்னைத்தான் கூப்பிட்டார். அந்தச் சான்றுக்கு ஒரு பரீட்சை உண்டு, அதற்கு நான் விண்ணப்பிக்கப் பட்டம் வேண்டும். "டிகிரி சர்டிபிகேட் ஒரு காப்பி குடுத்துடுங்க தம்பி" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கெடு தாண்டிய பழைய மாணவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் சிறப்பு வாய்ப்பு கொடுத்திருந்தது. வழக்கமான தேர்வுக் கட்டணத்தோடு கூடுதலாக 5,000 ரூபாய். கட்டினேன். பரீட்சைக்கு ஒன்பது வாரம் இருந்தது.

தொடங்கும்போது கையில் என்ன இருந்தது

வயது 31. மகள் யு.கே.ஜி. ஜெனரல் ஷிப்ட், காலை 8.30 முதல் மாலை 5.30, அதற்கு மேல் எந்த நேரமும் பிரேக்டவுன் அழைப்பு வரலாம். கணக்கில் ஞாபகம் இருந்தது பெர்னோலி ஃபார்முலா மட்டும்தான், இன்டெக்ரேஷனில் எங்கே பார்த்தாலும் அதைப் போட்டே பிழைத்தவர்கள் நாங்கள். வீட்டில் நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பிக்கும் முன்பே மனைவி சொல்லிவிட்டாள்: "ஏங்க, ராத்திரி எட்டு மணிக்கு மேல போனை என்கிட்டக் குடுத்துடுங்க. அவசரம்னா நான் வந்து சொல்றேன்." இந்த ஒன்பது வாரத்தில் எனக்குக் கிடைத்த பெரிய உதவி அதுதான். அதற்கு அவள் கொடுத்த விலையும் பெரியது, பள்ளிக்கூடம், கடை, என் அம்மாவின் ஆஸ்பத்திரிச் செக்கப் எல்லாம் அவள் தலையில் விழுந்தது. நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதில் பாதி அவளுடையது.

வீணான இரண்டு வாரம்

முதல் இரண்டு வாரமும் ராத்திரியில் ஹெட்போன் போட்டுக்கொண்டு யூடியூப் வீடியோ பார்த்தேன். டைரியில் 19 மணி நேரம் என்று இருக்கிறது. பார்க்கும்போது எல்லாம் புரிந்தது. அவர் ஒரு வரி எழுதுவதற்குள் அடுத்த வரி எனக்குத் தெரிந்தது, எட்டு வயதில் சைக்கிள் பழகியவனுக்கு மறுபடி சைக்கிள் கிடைத்த மாதிரி சந்தோஷம். வீடியோவை நிறுத்திவிட்டு அதே கணக்கை வெள்ளைத்தாளில் போடலாம் என்று உட்கார்ந்தால் முதல் வரியே வரவில்லை.

மூன்றாம் வாரம் டியூஷன் சேர்ந்தேன். ஓய்வுபெற்ற கணக்குப் பேராசிரியர் ஒருவர், வீட்டு மாடியில் தகரக்கூரை போட்டு நடத்துகிறார், வாரம் மூன்று நாள், தலா ஒன்றரை மணி நேரம். ஆறு பையன்கள், எல்லாரும் பத்தொன்பது இருபது வயது. முதல் நாள் அவர் ஃபார்முலா எதையும் கேட்கவில்லை. "தம்பி, கடைசியா மூணு மணி நேரம் தொடர்ந்து கையால எழுதினது எப்ப?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். 2013 ஏப்ரல், கடைசி செமஸ்டர். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கையெழுத்து, லாக் புக்கில் ரெண்டு வரி, இன்டென்டில் ஸ்பேர் நம்பர். மீதியெல்லாம் எக்செல், வாட்சப். அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவர் வைத்த மூன்று மணி நேர மாதிரித் தேர்வில் ஐம்பதாவது நிமிஷம் கட்டைவிரல் அடியில் வலி பிடித்தது, ஒன்றரை மணி நேரத்தில் எழுத்து எனக்கே படிக்க முடியவில்லை. நூற்றுக்கு 52 மதிப்பெண் அளவுக்குத்தான் எழுதவே முடிந்தது, அதில் சரியாக வந்தது 31.

இந்த ஆய்வில் நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதைத்தான். வேலைக்குப் போனவன் திரும்பப் படிக்க வந்தால் வயது, ஞாபகம், நேரம் மூன்றும் இடிக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். என் விஷயத்தில் முதலில் விட்டுப்போனது கை. கையோடு சேர்ந்து இன்னொன்றும் போயிருந்தது: தெரியாததை உடனே தேடி எடுக்காமல், தெரியாமலேயே பத்து நிமிஷம் தாளின் முன் உட்கார்ந்திருக்கும் பொறுமை. வேலையில் அந்தப் பத்து நிமிஷத்துக்கு இடமில்லை. மெஷின் நின்றால் மேனுவலைப் பார், போன் போடு, சர்வீஸ் ஆளைக் கூப்பிடு, ஓட்டிவிடு. ஒன்பது வருடம் அதை நன்றாகச் செய்ததற்குத்தான் எனக்குச் சம்பளம் ஏறியது. பரீட்சை ஹாலில் அந்தத் திறமைக்கு வேலையே இல்லை.

அதனால் சார் கொடுத்த முதல் பாடம் எழுதுவது. தினமும் காலை 6.15 முதல் 6.50 வரை, போட்டு முடித்த ஒரு பதினாறு மார்க் கணக்கைப் பார்த்து அப்படியே எழுத வேண்டும், இரண்டாம் முறை மூடி வைத்துவிட்டு எழுத வேண்டும். ஜெல் பேனாவை விட்டு ஐந்து ரூபாய் பால் பேனாவுக்கு மாறினேன், ஜெல்லில் நான் அழுத்திப் பிடித்துக்கொண்டே எழுதியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. மணிக்கு நாலு பக்கம் எழுதியவன் ஆறாவது வாரத்தில் ஏழு பக்கத்துக்கு வந்தேன். கை ஓட ஆரம்பித்தபோது கணக்கும் கூடவே வந்தது. எழுதி முடிப்பதற்குள் அடுத்த வரி மறந்துபோவது நின்றது.

ஆறு எண்களும் ஒரு ஃபேனும்

நாலாவது வாரம் ஹார்மோனிக் அனாலிசிஸ். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், மீதி எல்லாம் இங்கிருந்துதான் மாறியது.

மில்லில் என் கையிலேயே இருப்பது வைப்ரேஷன் அனலைசர், மெஷினின் அதிர்வை அளக்கும் கருவி. எச்-பிளாண்ட் (மில்லுக்குள் ஈரப்பதத்தைக் காக்கும் பிளாண்ட்) ஃபேன் மோட்டார் 1,440 ஆர்.பி.எம்.மில் ஓடுகிறது என்றால் நொடிக்கு 24 சுற்று. பேரிங் ஹவுசிங்கில் சென்சாரை ஒட்டினால் திரையில் கம்பி கம்பியாகக் கோடுகள் நிற்கும். 24-ல் நிற்கும் கோடு உயர்ந்தால் அன்பேலன்ஸ், 48-ல் உயர்ந்தால் அலைன்மென்டைப் பார், 24, 48, 72, 96 என்று வரிசையாக எழுந்து நின்றால் எங்கேயோ போல்ட் தளர்ந்திருக்கிறது. நடுத்தர மோட்டாருக்கு மொத்த அதிர்வு நொடிக்கு 2.8 மில்லிமீட்டரைத் தாண்டினால் கண்காணிப்பில் வைப்போம், 7.1-ஐத் தாண்டினால் நிறுத்திவிடுவோம். இதையெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தக் கோடுகள் எங்கிருந்து வருகின்றன என்று ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

சார் போர்டில் எழுதிய கணக்கு, எம்-3 எழுதிய எல்லாரும் பார்த்த கணக்குதான். எக்ஸ் 0-விலிருந்து 60 டிகிரி இடைவெளியில் 300 வரை, ஒய் மதிப்புகள் 1.0, 1.4, 1.9, 1.7, 1.5, 1.2. முதல் ஹார்மோனிக் வரை கண்டுபிடி. கொசைனால் பெருக்கிக் கூட்டினால் மைனஸ் 1.1, மூன்றால் வகுத்தால் ஏ-ஒன்று மைனஸ் 0.37. சைனால் பெருக்கிக் கூட்டி வகுத்தால் பி-ஒன்று 0.17. பையன்கள் விடையைக் கட்டம் கட்டிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஒரு சுற்றை ஆறாகப் பிரித்து அளந்து, அதில் சுற்றுக்கு ஒரு தடவை ஏறி இறங்கும் பகுதி எவ்வளவு என்று கேட்கிறோம். அது என் 24-ல் நிற்கும் கோடு. ஏ-ஒன்று வர்க்கம், பி-ஒன்று வர்க்கம், கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.41, அதுதான் கோட்டின் உயரம். அனலைசர் ஆயிரக்கணக்கான அளவுகளை எடுத்து நொடியில் செய்வதை இங்கே ஆறு அளவை வைத்துக் கையால் செய்கிறோம்.

அப்படியானால் சைன், கொசைன் இரண்டும் எதற்கு, உயரம் மட்டும் போதாதா? இதுவும் என் கையில் இருந்த விஷயம்தான். ஃபேனை பேலன்ஸ் செய்யும்போது ஷாஃப்டில் மினுங்கும் டேப் ஒட்டி, சுற்றைக் கணக்கிடும் டேகோவை வைத்து, அதிர்வு எந்தக் கோணத்தில் உச்சத்துக்குப் போகிறது என்று பார்ப்போம், கோணம் தெரியாவிட்டால் எதிர் எடையை எங்கே போடுவது? எவ்வளவு என்பதும் எந்தப் பக்கம் என்பதும் சேர்ந்தால்தான் பேலன்சிங் முடியும், அதற்குத்தான் இரண்டு எண்கள். அன்றைக்கு வண்டியில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு அழுகை மாதிரி ஏதோ வந்தது. பத்தொன்பது வயதில் இதை என்னிடம் யாராவது ஒரு ஃபேனைக் காட்டிச் சொல்லியிருந்தால் என்று நினைத்தேன்.

அதே வாரம் இன்னொன்றும் நடந்தது. எனக்குக் கீழே பதினாலு பேர் வேலை செய்கிறார்கள், சந்தேகம் என்றால் அவர்கள்தான் என்னிடம் வருவார்கள், நான் யாரிடமும் அடிப்படையான ஒன்றைக் கேட்டு வருடக்கணக்காகிறது. அன்று தயங்கித் தயங்கிக் கேட்டேன், தொடரின் முதல் எண்ணான ஏ-பூஜ்யத்தை மட்டும் ஏன் சார் இரண்டால் வகுக்கிறோம்? "ஒய் எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க" என்றார். 8.7. ஆறால் வகுத்தால் 1.45, அது சராசரி. மற்ற எண்களுக்குப் போடுகிற அதே ஃபார்முலாவை ஏ-பூஜ்யத்துக்கும் போட்டால் 2.9 வருகிறது, சராசரியைப் போல் இரண்டு மடங்கு, அதனால் இரண்டால் வகுத்து வைக்கிறோம், அவ்வளவுதான். பின்னால் ஒரு பையன் "அண்ணா, இது எனக்கும் தெரியாதுங்ண்ணா" என்றான். அதற்கப்புறம் அவர்கள் கேட்க வெட்கப்பட்டதையும் சேர்த்து நானே கேட்க ஆரம்பித்தேன்.

பையன்கள் சொன்ன வழி

ஐந்து யூனிட், ஒவ்வொன்றுக்கும் பார்ட் ஏ-யில் இரண்டு இரண்டு மார்க், பார்ட் பி-யில் இதுவா அதுவா என்று ஒரு பதினாறு மார்க். பாஸுக்கு 50. பையன்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "நாலாவது யூனிட்டைத் தொடாதீங்கண்ணா, ஒரு கணக்கு அஞ்சு பக்கம் போகும், ஒண்ணு, மூணு, அஞ்சு படிச்சாப் போதும்." அவர்கள் கணக்கு அவர்களுக்குச் சரி. ஒரே மாதத்தில் ஆறு பேப்பர் எழுத வேண்டியவன் அப்படித்தான் பிரித்துக்கொள்ள முடியும். நானும் ஐந்தாவது வாரம் வரை அப்படியே போனேன்.

எனக்கு இருந்தது ஒரே பேப்பர். மூன்று யூனிட்டை முழுசாகப் போட்டால்கூட 60-தான் கணக்கு, கை நடுங்கி ஒரு கணக்கு போனால் முடிந்தது. இதைச் சாரிடம் சொன்னபோது, அவர் நாலாவது யூனிட்டை முதல் யூனிட்டின் தொடர்ச்சியாகவே நடத்திக் காட்டினார். முதல் யூனிட் ஃபோரியர் தொடர், அதாவது சைன், கொசைன்களின் கூட்டல். பிரெஞ்சுக் கணிதர் ஃபோரியர் இந்தத் தொடரைக் கொண்டுவந்ததே வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று கண்டுபிடிக்கத்தான், 1807-ல் பாரிஸில் முதலில் கொடுத்தபோது லக்ராஞ்ச் மாதிரிப் பெரிய கணிதர்களே ஒத்துக்கொள்ளவில்லை, 1822-ல்தான் நூலாக அச்சில் வந்தது. அந்த வெப்பச் சமன்பாடும் கம்பி ஆடும் அலைச் சமன்பாடும்தான் நாலாவது யூனிட். கம்பியின் இரண்டு முனையையும் கட்டி வைத்து இழுத்து விட்டால் அது எப்படி ஆடும் என்ற கணக்கில், முதல் மூன்று பக்கம் எப்போதும் ஒன்றேதான், கடைசியில் வருவது முதல் யூனிட்டில் படித்த ஹாஃப் ரேஞ்ச் சைன் சீரிஸ் (சைன் மட்டும் வரும் தொடர்), அது எனக்கு ஏற்கெனவே தெரியும். மூன்று பக்கத்தைத் தினமும் காலையில் எழுதி எழுதிக் கைக்கு ஏற்றினேன்.

இரண்டாவது யூனிட் ஃபோரியர் டிரான்ஸ்ஃபார்ம் எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. ஆறாவது வாரம் மில்லில் கம்ப்ரசர் போய் மூன்று ராத்திரி அங்கேயே கிடந்தேன், சரியாக அந்த வாரம்தான் டியூஷனில் அது நடந்தது, அப்புறம் ஈடுகட்டவே முடியவில்லை. அந்த மூன்று ராத்திரிக்கும் டைரியில் பக்கம் காலி.

மாதிரித் தேர்வு மதிப்பெண்கள் வரிசையாக 31, 38, 46, 55, 58. மொத்த நேரம் 112 மணி: வீடியோ 19, டியூஷன் 30, காலை எழுத்து 26, மாதிரித் தேர்வுகள் 15, பரீட்சைக்கு முன் போட்ட நாலு நாள் லீவில் 22. வாரத்துக்குப் பன்னிரண்டரை மணி நேரத்துக்குக் கிட்டத்தான் வருகிறது. நேரமே இல்லை என்று பன்னிரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பரீட்சை நாள்

காலை பத்து மணித் தேர்வு. ஒன்பதரைக்குக் கல்லூரி வேப்பமரத்தடியில் என்னைப் போல இருபது முப்பது பேர் நின்றோம். நரைத்த தலையோடு ஒருவர், பேங்கில் இருப்பதாகச் சொன்னார். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்த ஒரு பெண், கையில் ஜெராக்ஸ் நோட்ஸ், உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. "எத்தனை பேப்பருங்க?" "ஒண்ணுதான். உங்களுக்கு?" "மூணு." எனக்கு இது மட்டுமே பெரிய தைரியமாக இருந்தது. இத்தனை வருடம் இது என் ஒருவனுடைய ரகசியம் என்று நினைத்திருந்தேன்.

வினாத்தாளின் தலையில் எங்கள் குறியீட்டோடு வேறு வேறு ரெகுலேஷன்களின் குறியீடுகளும் வரிசையாக இருந்தன. முதலில் பார்ட் பி-யில் நாலாவது யூனிட்டைத் தேடினேன், கம்பிக் கணக்கு இருந்தது. அதிலேயே ஆரம்பித்தேன், கை தானாக ஓடியது. முதல் யூனிட்டில் ஹார்மோனிக் அனாலிசிஸ். மூன்றாவதும் ஐந்தாவதும் சுமாராக வந்தன. இரண்டாவது யூனிட்டில் தெரிந்த வரை எழுதிவிட்டு, பார்ட் ஏ-யில் ஏழு கேள்வியோடு நிறுத்தினேன். பேனாவை வைத்தபோது மணி 12.52. கை வலிக்கவில்லை.

ரிசல்ட் வந்த அன்று ஷெட்டில் கிரீஸ் கையோடு போனில் பார்த்தேன். டி கிரேடு, பாஸ். மனைவிக்குப் போன் போட்டேன், அவள் ஒன்றும் பேசவில்லை, மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

இதையே மறுபடி செய்வதாக இருந்தால் இரண்டை மாற்றுவேன். வீடியோவை முதல் நாளே விட்டுவிட்டு, முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு மூன்று மணி நேரத் தாளை எழுதிப் பார்ப்பேன், முப்பது வந்தாலும் பரவாயில்லை. பிரேக்டவுனைப் பார்த்துக்கொள்ளச் சீனியர் ஃபிட்டர் அண்ணனிடம் ஏழாவது வாரம் கேட்டதை முதல் வாரமே கேட்டிருப்பேன். கேட்டவுடனே "இதை முன்னாடியே சொல்லக்கூடாதா தம்பி, நான் பாத்துக்கறேன்" என்றார். அரியர் என்ற வார்த்தையைச் சொல்ல வேண்டியிருக்குமே என்றுதான் அத்தனை நாள் கேட்காமல் இருந்தேன்.

ரிசல்ட்டுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜி.எம்.மிடம் அனுமதி வாங்கி அனலைசரை டியூஷனுக்கு எடுத்துப் போனேன். சாருடைய டேபிள் ஃபேனை ஓடவிட்டுச் சென்சாரை ஒட்டினால் சின்னக் கோடு ஒன்று நின்றது. ஃபேனை நிறுத்தி, ஓர் இறக்கையில் ஒரு ரூபாய் நாணயத்தை டேப் போட்டு ஒட்டி, கூட்டை மூடி ஓடவிட்டோம். ஃபேன் மேசையில் தடதடவென்று ஆடியது, கோடு திரையின் பாதிக்கு எழுந்தது. "சரி, இப்ப இதை பேலன்ஸ் பண்ணுங்க" என்றேன். நேர் எதிரில் ஒரு நாணயத்தை ஒட்டப் போனவன் கையை எடுத்துவிட்டான், மூன்று இறக்கையில் எதிர்ப்பக்கம் இறக்கையே இல்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின்பெஞ்சு பையன்தான், ஏ-பூஜ்யத்தைப் பற்றிச் சொன்னவன், விரலால் காற்றில் ஏதோ போட்டுப் பார்த்துவிட்டு, "கொசைன் 120 மைனஸ் அரைங்ண்ணா, ரெண்டு இறக்கையிலயும் ஒவ்வொண்ணு வெச்சா மைனஸ் ஒண்ணு ஆயிடும்" என்றான். மற்ற இரண்டு இறக்கையிலும் ஒவ்வொரு நாணயத்தை ஒட்டி ஓடவிட்டோம். கோடு இறங்கி பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.